எழும் வரிசை

திரையில் ஒரு படம்கூட இல்லை.

மின்சாரம் போய்த் திரும்பியதும் சர்வர் தானாகவே எழுந்துவிட்டது. ஸ்கேன் படங்களைக் காட்டும் சர்வீஸ் என்ற மென்பொருளும் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. நோயாளிகளின் பட்டியல் மட்டும் துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது.

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து டாக்டர் மறுபடி அழைத்தார். நோயாளிக்கு வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது, எங்கே என்று படத்தைப் பார்க்காமல் கத்தி வைக்க முடியாது, இன்னொரு முறை ஸ்கேனுக்குத் தூக்கிப்போகவும் நேரமில்லை என்றார்.

கணினிப் பிரிவில் அவன் புதியவன். அந்த சர்வரை அமைத்தவள் பிரிவின் மூத்தவள். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் அக்கா. இன்று பார்த்து லீவு.

அவள் செல்போன் வெகுநேரம் அடித்தது. எடுத்தபோது குரல் அடிக்குரலாக வந்தது. நன்றாகத் தூங்கியிருப்பாள் போல என்று நினைத்துக்கொண்டான்.

நடந்ததை அவன் முழுவதும் சொல்லி முடிக்கவில்லை.

"முதல்ல டிஸ்க் ஏறியிருக்கான்னு பாரு."

ஏறவில்லை. படங்களெல்லாம் தனியாக ஒரு பெரிய டிஸ்கில் இருந்தன. அது சர்வரோடு இணைந்த பிறகுதான் சர்வீஸ் எழ வேண்டும். மின்சாரம் பட்டென்று போனதால் டிஸ்க் இன்னும் சரிபார்ப்பில் இருந்தது. சர்வீஸோ அதற்குக் காத்திராமல் எழுந்து, வெறும் அறையை எட்டிப்பார்த்து, ஒன்றுமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் நகலெடுக்கும் சர்வீஸை நிறுத்தச் சொன்னாள். இல்லாவிட்டால் அது இங்கே காலி என்று நம்பி, நேற்று வரையிலான நகலையும் காலி செய்துவிடுமாம். அவன் உடனே நிறுத்தினான். பிறகு படம் காட்டும் சர்வீஸையும் நிறுத்தினான்.

இனி காத்திருக்க வேண்டியதுதான். சரிபார்ப்பு எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்தது.

தியேட்டரிலிருந்து மறுபடி அழைப்பு. ரத்த அழுத்தம் இறங்குகிறது என்றார்கள்.

"அக்கா, சரிபார்ப்பைப் பாதியில வெட்டிட்டு டிஸ்க்கை ஏத்திடறேன். உள்ள ஒரு உயிர் ஊசலாடுது."

"வெட்டாதே. காலையிலிருந்து ஸ்கேன் எடுத்த அத்தனை பேரோட படமும் அதுலதான் இருக்கு. இன்னும் நகல் போகல. ஒருத்தருக்காக எல்லாத்தையும் உடைச்சிடாதே."

அவனுக்குச் சுருக்கென்றது. வீட்டில் படுத்துக்கொண்டு இதைச் சொல்வது சுலபம் என்று வாய் வரை வந்ததை விழுங்கினான்.

காத்திருந்த நேரத்தில் அவள் சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை எழுதச் சொன்னாள். டிஸ்க் ஏறாமல் சர்வீஸ் எழக்கூடாது என்று சொல்லும் வரி. மறுபடி மின்சாரம் போனாலும் இனி வரிசை தப்பாது. இதெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே என்றான்.

"இப்பவே எழுதிடு. நாளைக்கு நான் சொல்ல முடியாமப் போகலாம்."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்கினாள். தூக்கம் இன்னும் கலையவில்லை போலிருக்கிறது என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தான். ம் என்றாள்.

சரிபார்ப்பு முடிந்தது. பழுது எதுவும் இல்லை.

டிஸ்க்கை ஏற்றினான். உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இருந்தது. அதன் பிறகே சர்வீஸை எழுப்பச் சொன்னாள்.

பட்டியல் மேலிருந்து கீழாக நிரம்பத் தொடங்கியது. அவன் ஒரு பெயரையும் படிக்கவில்லை. வந்துவிட்டது என்று கத்தினான். மறுமுனையில் தொடர்பு அறுந்தது.

தியேட்டரில் படம் கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அவன் நாற்காலியில் சாய்ந்தான். அவசரத்தில் பாதியில் வெட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது புரிந்தது. மனதுக்குள் அவளைத் திட்டியதற்கு வெட்கமாக இருந்தது. நன்றி சொல்ல மறுபடி அழைத்தான்.

வேறொரு பெண் குரல் எடுத்தது. தப்பான எண்ணோ என்று திரையைப் பார்த்தான். அக்கா என்றுதான் இருந்தது.

"தியேட்டர் நர்ஸ் பேசறேன் சார். அவங்களுக்கு இப்பதான் மயக்க மருந்து குடுத்தோம். முழிச்சதும் பேசச் சொல்றேன்."