தேதி தராத டாக்டர்

அம்மாவையும் அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, மயக்க மருந்து டாக்டரைப் பேசவிடாமல் மகளே பேசினாள். பரம்பரையில் முதல் பட்டதாரி. அம்மாவுக்காக மூச்சு விடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவள்தான் செய்தாள்.

"கேன்சர் ஆபரேஷனுக்கு அப்புறம் மார்புல வெச்ச சிலிகோன் இம்ப்ளான்ட் டாக்டர். இப்ப கிழிஞ்சிருச்சு, எடுக்கணுமாம். நாள்பட்ட நுரையீரல் நோய் இருக்கிறவங்களை மயக்கத்துல படுக்க வெச்சா பத்திரமா எழுப்பிடுவீங்களா? மழுப்பாம சொல்லுங்க."

"ஆபத்தே இல்லன்னு சொல்லமாட்டேன்மா. உடம்பைத் தயார் பண்ணிட்டு செய்யலாம். இன்ஹேலரை விடக்கூடாது, மூச்சுப் பயிற்சி செய்யணும். முக்கியமா, வீட்டுக்குள்ள சிகரெட் புகையே ஆகாது. இப்ப இருக்கிற நிலைமையில நான் தேதி தரமாட்டேன். வீட்டுல யார் பிடிக்கிறாங்க?"

மகள் சட்டென்று அப்பாவைப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார்.

"ஏங்க, மனைவி இப்படி மூச்சு வாங்கிக்கிட்டு இருக்கும்போது கூடவா?"

"தப்புதாங்க" என்றார் அப்பா.

"எப்ப விடப்போறீங்க?"

அப்பா தலையைச் சொறிந்தார். "அதை என் பொண்ணுதாங்க சொல்லணும்."

"அவங்க எதுக்கு?"

அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இவர் சிகரெட்டைக் கையால தொட்டதே இல்ல டாக்டர். பாத்ரூம்ல பிடிக்கிறது அவதான். ஆபீஸ் டென்ஷனாம். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு, இவரு பழியைத் தன் தலையில போட்டுக்குவாரு."

இன்னும் ஏழெட்டுக் கேள்வி எழுதி வைத்திருந்த தாளைப் பட்டதாரி மடித்துப் பைக்குள் போட்டாள்.

"இன்னைக்கே விட்டுடறேன் டாக்டர்" என்றாள். "தேதி போடுங்க."

"அதை நீங்க சொல்லி நான் போடமாட்டேன்மா. அம்மாவோட நுரையீரல் சொல்லட்டும்."