நடைப்பழக்கம்

பொதிகைமலை ஏறத் தயாராகும் கூட்டத்தில் சங்கரேஸ்வரியை மிஞ்ச ஆள் கிடையாது. தினமும் விடியற்காலையில் மேலகரத்திலிருந்து குற்றாலம் வரை எல்லோரும் நடந்து பழகினார்கள். கூட வரும் நிவேதா வந்து கதவைத் தட்டும்போது சங்கரேஸ்வரி ஷூவெல்லாம் மாட்டித் தயாராக இருப்பாள். அட்டைக்கடிக்கு உப்பு, மழைக்குக் கோட்டு என்று எல்லாம் அவள் சொல்லித்தான் மற்றவர்கள் வாங்கினார்கள்.

புறப்படும் நாளில் வேன் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தது. சங்கரேஸ்வரி நொண்டிக்கொண்டே வந்தாள்.

"முட்டு வலி உசுரு போவுதுட்டி. நீங்க போயிட்டு வாங்க."

"நீங்க இல்லாமலாக்கா?" நிவேதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வேன் மறைந்ததும் சங்கரேஸ்வரி விறுவிறுவென்று டீக்கடைக்கு நடந்தாள். மலைக்கு ஆள் சேர்த்து அனுப்பும் பாண்டிராஜ் அங்கே நின்றிருந்தான். அவள் நடையைப் பார்த்துச் சிரித்தான்.

"போன வருசமும் இதே முட்டு வலிதானக்கா?"

"அடுத்த வண்டியில என் பேரப் போட்டுருலே."

"ஏறவே மாட்டீக, பெறகு எதுக்குக்கா?"

சங்கரேஸ்வரி டீயை ஊதிக்கொண்டே இருந்தாள்.

"ஒரு தடவ ஏறி எறங்கிட்டேன்னா, பெறகு வெடியக்காலம் என் கதவ யாருலே வந்து தட்டுவா?"