நீலச் சொட்டு

அவன் நீட்டிய போனை அவள் உடனே வாங்கிவிடவில்லை.

வரப்புக்கு அந்தப் பக்கம் அவன். இந்தப் பக்கம் அவள். நடுவில் ஒன்றரை வருஷமாகப் பேச்சு கிடையாது.

"அண்ணி, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. இந்த எழவு என்ன சொல்லுதுன்னே புரியல."

காரியம் ஆகணும் என்றதும் மரியாதை தானாக வருகிறது.

கலியமூர்த்தி. புருஷன் வழிப் பங்காளி. இரண்டு வயலுக்கும் ஒரே கிணறு. முறை வைத்துத்தான் தண்ணீர்.

அவள் புருஷன் செத்த அன்றைக்கு அவள் முறை.

பிணத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோது கொல்லைப்பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் கலியமூர்த்தி வயலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு மட்டுமில்லை. கருமாதி முடிகிறவரை அவள் முறையெல்லாம் அவனே எடுத்துக்கொண்டான்.

அவள் எழுந்து வயலுக்குப் போனபோது நட்ட மிளகாய் நாற்றெல்லாம் சருகு.

கேட்டாள்.

"சாவு வீட்டுக்காரி நீ தண்ணி கட்ட வருவேன்னு நான் என்ன கனவா கண்டேன்?" என்றான்.

நாசமாய்ப் போகிறவன். அந்த ஒரு வார்த்தை இன்னும் அவள் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது.

இப்போது அவனுடைய சின்ன வெங்காயத்தில் தாள் நுனி கருகுகிறது. அவளுடையது இன்னும் பச்சைப் பசேலென்று நிற்கிறது. இந்த வெங்காயமும் போய்விட்டால் இந்த வருஷத்துக்கு அவளுக்கு வேறு கதியில்லை.

போனை வாங்கினாள்.

அவன் மகன் திருப்பூருக்குப் போகுமுன் ஏற்றிக்கொடுத்த விவசாய ஆப். தாளைப் படம் எடுத்தால் என்ன நோவு என்று சொல்லுமாம். படத்தை எப்படியோ எடுத்துவிட்டான். வெடித்த விரலால் தேய்த்துத் தேய்த்துப் பேசவும் வைத்துவிட்டான். "தங்கள் பயிரில்" என்று ஒரு பெண்குரல் தொடங்கும். உடனே சிக்னல் போய்விடும். வட்டம் சுற்றும்.

"தங்களாம்! கூப்பிடுறதெல்லாம் நல்லாத்தான் கூப்பிடுது. அதுக்கு மேல வாயத் திறக்க மாட்டேங்குது" என்றான்.

படிக்கலாம் என்றால் அவனுக்கு எழுத்து தெரியாது.

வெயிலில் போன் கண்ணாடியில் அவள் முகம்தான் தெரிந்தது. முந்தானையை மேலே பிடித்து நிழல் பண்ணிக்கொண்டாள். எறும்பு ஊர்வது மாதிரி எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள்.

பூஞ்சாண நோய். இன்றே மருந்து தெளிக்கவும். நீர் பாய்ச்ச வேண்டாம். இவ்வயலின் நீர் அடுத்த வயலுக்குச் செல்லாமல் தடுக்கவும்.

அதற்கு மேலே பெரிதாக ஒரு நீலச் சொட்டு.

மருந்து தெளிப்பதற்குத்தான் அந்தப் படம். போட்டவனுக்கு அது தெரியும். எழுத்துத் தெரியாதவன் என்ன கண்டான்?

கலியமூர்த்தி தலையை நீட்டி எட்டிப் பார்த்தான்.

"சொட்டுப் படம் போட்டிருக்கே. தண்ணி பத்தலயா அண்ணி?"

அவள் போனை இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டாள். நெஞ்சு சும்மா இல்லை.

உனக்குத் தண்ணீர்தானே வேணும்? குடி. நல்லாக் குடி.

"ம்" என்றாள்.

அது போதவில்லை.

"நிக்க நிக்கத் தண்ணி கட்டச் சொல்லுது."

"அட, நல்லவேளை! மருந்துக் கடைக்கு இல்ல கிளம்பிட்டேன்!"

மோட்டார் ரூமுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான்.

அவளுக்குக் குளிர்ந்தது. சத்தியமாகக் குளிர்ந்தது. அன்றைக்கு வெறும் ரசம்தான். ரெண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வயலுக்கு வந்தாள். நோய் வரப்பைத் தாண்டுவதற்குள் தன் வெங்காயத்துக்கு அடித்துவிட வேண்டும்.

வரப்பிலிருந்து இறங்கியதும் கால் புதைந்தது.

அவள் பாத்தி முழுக்கத் தண்ணீர்.

அவள் வயலுக்கு நடுவே கலியமூர்த்தி மண்வெட்டியோடு நின்றான். அவன் வயலை நிரப்பிய தண்ணீர் வெட்டிவிட்ட வரப்பு வழியாக அவள் பள்ளத்து வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கருகிய தாள்களும் அதில் மிதந்து வந்துகொண்டிருந்தன.

"உங்க முறைய நான் எடுத்தது நெஞ்சுக்குள்ள கிடந்து அறுத்துக்கிட்டே இருந்துச்சு அண்ணி. உங்க மூஞ்சியில முழிக்க எனக்கு யோக்கியதை ஏது? அதையும் பார்க்காம நேத்து போனை வாங்கிப் படிச்சுச் சொன்னீங்களே."

தோள் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னைக்கும் என் முறைதான். உங்களுக்கு விட்டுட்டேன். விடியறதுக்கு முன்னாடியே."

அவள் முதுகில் இருந்த டேங்கைப் பார்த்தான்.

"தண்ணிதான்னு சொல்லிட்டு மருந்து எதுக்கு அண்ணி? கனம். இறக்குங்க."

கிட்டே வந்து அவனே இறக்கினான். காய்ந்த இடமாகப் பார்த்துப் பதவிசாக வைத்தான்.

பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனான். அங்கிருந்தே சத்தமாகக் கேட்டான்.

"போதுமா அண்ணி? இன்னும் கொஞ்சம் விடட்டுமா?"