நன்மை எங்கே?

“அம்மா வாயில ஃபாதர் வெச்ச நன்மை எங்க?”

நாத்தனார் இப்படிக் கேட்டுக்கொண்டே அறைக்குள் வந்தபோது, மருமகள் மாமியாரின் முகவாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இருமல்ல வெளிய வந்துடுச்சு அண்ணி. கோழையோட சேர்ந்து என் கையில விழுந்துச்சு.”

“இப்ப எங்க?”

மருமகள் துடைத்த முகவாயையே மறுபடியும் துடைத்தாள். நாத்தனாருக்கு இது போதாதா?

“நன்மைன்னா மாவுல செஞ்ச வெறும் வில்லைன்னு நினைச்சியா? பூசையில ஃபாதர் கையில ஏந்தி மந்திரிச்சப்புறம் அது அப்பம் இல்ல, சாட்சாத் ஆண்டவர். ஒரு துணுக்கு கீழ விழுந்தாலே நாங்க பதறிப்போவோம். ஞானஸ்நானம் வாங்காதவளுக்கு அது எங்க புரியப்போகுது? இந்தக் கல்யாணமே வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். தம்பி கேட்டானா?”

படுக்கையில் மாமியார் ஏதோ சொல்லப் பார்த்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் பேச்சு மருமகளைத் தவிர வேறு யாருக்கும் பிடிபடுவதில்லை.

“நீ சும்மா இரும்மா. அது மட்டும் குப்பைக்குப் போயிருக்கட்டும், இன்னைக்கே உன்னை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். இவ கையில இனி விடமாட்டேன்.”

மருமகளின் முகம் செத்துப்போயிற்று.

நாத்தனார் போன் போட்ட கையோடு, தெருமுனைகூடத் தாண்டாத ஃபாதர் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். பாவம், அவருக்கும் வியர்த்துக் கொட்டியது.

“தப்பு என் மேலதான். அம்மா முழுங்கற வரைக்கும் நின்னிருக்கணும். அடுத்த வீட்டுக்கு நேரமாச்சேன்னு ஓடிட்டேன். ஒரு கிண்ணத்துல தண்ணி கொண்டாங்க. கிடைச்சா அதுல கரைய விட்டு, மண்ணுல ஊத்திடலாம். அதான் முறை. முதல்ல கிடைக்கட்டும்.”

சொல்லிவிட்டு அங்கியோடு கட்டிலுக்கடியில் புகுந்தார்.

நாத்தனார் சமையலறையிலிருந்து இடுக்கியை எடுத்து வந்தாள். ஒரு கையால் கர்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, கட்டிலோரக் கூடையில் கிடந்த பஞ்சையும் டிஷ்யூவையும் இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள்.

“ஆண்டவரே, மன்னிச்சுக்கோ” என்று முணுமுணுத்தாள். ஈரமாக ஏதாவது வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுவரோரம் நின்றிருந்த மருமகளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“தேட வேணாம் ஃபாதர். நான் முழுங்கிட்டேன்.”

இடுக்கி கூடைக்குள் விழுந்தது.

“கோழையோடயா?” என்றாள் நாத்தனார்.

“ஆண்டவருன்னு நீங்கதானே அண்ணி எப்பவும் சொல்வீங்க? கையில ஆண்டவர் இருக்காரு, எங்க கொண்டுபோய் வெக்கறதுன்னு எனக்குத் தெரியல. குப்பையில போட மனசு வரல. தண்ணியில கரைக்கலாம்னு யாரும் சொல்லிக் குடுக்கல. நான் வாங்கக் கூடாதுன்னு மட்டும் தெரியும். அதான் சொல்லப் பயந்தேன்.”

ஃபாதர் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அப்பாடா” என்றார். “போன உயிர் இப்பதான் வந்துச்சு.”

“என்ன ஃபாதர் நீங்க, ஞானஸ்நானம் இல்லாதவ நன்மை வாங்கியிருக்கா. யார் குடுத்தாங்கன்னு நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?”

“நான் குடுக்கலைம்மா” என்று சிரித்தார் ஃபாதர். “உங்க அம்மாதான் குடுத்திருக்காங்க. அவங்களையே கேளுங்க.”

மாமியார் விளங்குகிற கையை நீட்டி மருமகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். மகளைப் பார்த்துக் குழறிக் குழறி ஏதோ சொன்னார்.

நாத்தனாருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வேறு வழியில்லாமல் தம்பி பெண்டாட்டியிடமே கேட்டாள்.

“அம்மா என்ன சொல்றாங்க?”

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“‘நான் எங்கயும் வரல’ன்னு சொல்றாங்க அண்ணி.”