படத்தில் இருக்கிற மாதிரி

“சுருட்டை மயிர் ஆயிரத்து அறுநூறு ரூபாய். சில பேருக்குக் கடவுள் சும்மா குடுக்கிறார். விடுபட்ட ஆக்களுக்கு நான் விக்கிறன்” என்றாள் ஜெகதீஸ்வரி.

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் அவளுடைய சலூன். நாற்காலியில் இருந்த தவமலர் விலை பேசாமல் தலையாட்டினாள். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து, வெளிநாடு போக லொட்ஜில் காத்திருக்கிறவள். வந்த ஆள் பேரம் பேசாவிட்டால் ஜெகதீஸ்வரிக்குச் சாமான் விற்ற மாதிரியே இருக்காது.

“ஆயிரத்து நானூறு தாரும். ஒருக்காக் கேட்டிருக்கலாமே, பிள்ளை!”

தவமலர் பாஸ்போட் ஒன்றை விரித்து, படத்தைக் காட்டிவிட்டு உடனே மூடினாள். படத்தில் சுருட்டை முடியோடு ஒரு பெண்.

“அச்சொட்டா இப்பிடியே வரவேணும், அக்கா. நாளைக்கு எயாப்போட்டில பிடிபட்டால் மறியல்ல கம்பி எண்ண வேண்டியதுதான். ஆறு வருசத்துக்குப் பிறகு கனடாவில இருக்கிற என்ர இவரிட்டப் போறன்.”

ஜெகதீஸ்வரிக்கு இது புதிதல்ல. பிறர் பாஸ்போட்டில் பறக்கும் தலைகளால்தான் அவளுடைய கடை வாடகை கட்டுகிறது.

முதல் மருந்தின் நெடி மூக்கைத் துளைத்தது.

“இது மயிருக்குள்ள இருக்கிற பிடியை அவிட்டு விடும். பிறகு மயிர் களி மாதிரி. சுத்தின பக்கம் வளையும். இரண்டாவது மருந்து அந்த வளைவிலயே பூட்டுப் போட்டிடும். தலை தோய்ஞ்சாலும் போகாது.”

ஈர மயிரைப் பிரித்துப் பிரித்து உருளைகளில் சுற்றினாள். வாய் சும்மா இருக்கவில்லை.

“உம்மட மனுசனுக்கு என்ன பேர்?”

“நாகேந்திரம்.”

“நாகேந்திரத்தார் மயங்கி விழப்போறார்! ஒற்றைப் பின்னலோட விட்டிட்டுப் போன மனுசி, கனடாவில நடிகை மாதிரி வந்து இறங்கினால்?”

தவமலரின் கன்னம் நனைந்தது.

“மருந்து எரிக்குதோ?”

“ஓம் அக்கா.”

மருந்து கண்ணுக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

இரண்டாவது மருந்தும் போட்டு, கழுவி, காயவைத்தபோது தோளெல்லாம் சுருள் சுருளாக விழுந்தது. ஜெகதீஸ்வரி ஒப்பிட்டுப் பார்க்கப் பாஸ்போட்டை எட்டி வாங்கினாள். படம் அச்சொட்டாகப் பொருந்தியது. அதற்குப் பக்கத்தில் இருந்த பெயரையும் வாசித்தாள்.

“அட, குடும்பப் பேர் நாகேந்திரம்! புருசன்ர பேரிலயே ஒருத்தியைத் தேடிப் பிடிச்சிருக்கிறானே! உம்மட ஏஜென்சிக்காரன் விண்ணன்தான்!”

தவமலர் கண்ணாடியைப் பார்க்காமல், மடியைப் பார்த்தபடி சொன்னாள்.

“ஏஜென்சி ஒண்டும் இல்லை, அக்கா. படத்தில இருக்கிறவ, இவர் அங்க கலியாண எழுத்துப் பதிஞ்ச மனுசி. நான் இருக்கிறது தெரிய வந்து, அவவே மனமிரங்கி இதை அனுப்பினவ. தாலி என்ர, பதிவு அவவின்ர. பாஸ்போட் அவவின்ர, தலை என்ர. மனுசனைத்தான் இன்னும் பங்கு பிரிக்கேல்லை.”