மாப்பிள்ளை வீட்டு இத்தாலிக் கார்

நல்லம்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்த பெரியநாயகம், மகள் வீட்டு வாசலில் நின்ற சிவப்புக் காரைப் பார்த்ததும் உள்ளே கூட வரவில்லை.

“கேள்விப்பட்டது மெய்தானா, மாப்ளே? நான் போட்ட நகையை வித்தா இந்த இத்தாலிக் காரை வாங்குனீங்க?”

மாமனார் எவ்வளவு திட்டினாலும் பொறுத்துப் போவதென்று அல்போன்ஸ் காலையிலேயே முடிவு செய்திருந்தான். “ஆமாங்க, மாமா. பெங்களூருல ஒரு எஸ்டேட்காரர் வூட்டுல பழசா கெடச்சுது.”

“ரெண்டு பேருதான் உக்காரலாம். பெட்ரோலைத் தண்ணியாக் குடிக்குமாமே?”

“குடிக்குதுங்க.”

“சாமான் எதாச்சும் போனா?”

“பம்பாயிலிருந்து வரணுங்க. போன தடவை பிரேக்குக்கு எருமையை வித்தோம்.”

பெரியநாயகத்துக்குக் கண் சிவந்தது. “லூர்து மேரி, பொட்டியக் கட்டு. இந்த மனுஷன்கூட நீ வாழ்ந்தது போதும். நம்ம வூட்டுக்குப் போலாம்.”

வெளியே வந்த லூர்து மேரி, இடுப்பில் செருகியிருந்த கார் சாவியை எடுத்தாள்.

“அவரை ஏம்ப்பா வையறீங்க? நகையும் என்னுது, காரும் என்னுது. அவருக்கு சைக்கிளே சரியா வராது. ஏறுங்க, பஸ் ஸ்டாண்டுல விட்டுடறேன்.”

“நீ ஓட்டுவியா?”

“நம்ம வூட்டு டிராக்டர்ல பழகுனதுதானே.”

பெரியநாயகம் காலை மடக்கி எப்படியோ ஏறி உட்கார்ந்தார். கார் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கிப்போனது. மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இறங்கிப்போய், காரின் பின்னால் தயாராக நின்ற மருமகனோடு சேர்ந்து தள்ளத் தொடங்கினார்.

கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகக் கேட்டார். “எத்தனை நாளா மாப்ளே இப்படி?”

“வாங்குன நாள்லேருந்துங்க, மாமா.”