பூக்கட்டிய கை

“டாக்டரு கத்தியக் காட்டினா நான் வயித்தக் காட்டிருவனா? முருகன் சொல்லட்டும், போறேன்.”

திருமலைச்சாமி சுவரில் சாய்ந்தபடி இப்படிச் சொன்னது பெண்சாதி சிவபாக்கியத்திடம். வயிற்றில் கட்டி, உடனே மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்யாவிட்டால் ஆள் தேறுவது கஷ்டம் என்று வத்தலக்குண்டு டாக்டர் சொல்லிவிட்டார். மனுஷனோ பாச்சலூரை விட்டு அசைய மாட்டேன் என்கிறார். நயா பைசா வந்த புதிது அது. ஆபரேஷன் என்றாலே மலைச்சனத்துக்குக் குலை நடுங்கும்.

“அப்ப பூக்கட்டிப் பாப்போம். வெள்ளை வந்தா ஆஸ்பத்திரி, செவப்பு வந்தா வீடு. சம்மதந்தானே?” என்றாள்.

“அவன் சொல்லுக்கு மறுசொல் ஏது? கட்டு.”

மறுநாள் வெள்ளனே அவளே அரளி பறித்தாள். வாழையிலைத் துண்டுகளில் வைத்து, இரண்டு பொட்டலமாக நாரால் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோனாள். பூசாரி நாச்சிமுத்து அவற்றை வாங்கிக்கொண்டு கருவறைக்குள் போனார். சாமி காலடியில் வைத்துத் தீபம் காட்டி, தட்டோடு வெளியே வந்து நீட்டினார்.

திருமலைச்சாமி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை அரளி.

சிவபாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இன்னொரு பொட்டலத்தைப் பூசாரி வழக்கம்போல உள்ளே கொண்டுபோய்விட்டார்.

அதற்குப் பிறகு மனுஷனுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு தைரியம் வந்ததோ. கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி பஸ் ஏறினார். “முருகனே சொல்லிட்டான், பெறகென்ன பயம்?” என்று பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் தெம்பு சொன்னார். கட்டியை எடுத்தார்கள். ஊர் திரும்பியவர் வேளாவேளைக்குச் சாப்பிட்டார், அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். கொஞ்ச நாளில் தோட்டத்தில் வாழைத்தார் வெட்ட நின்றுவிட்டார்.

சிவபாக்கியம்தான் துரும்பாகிப் போனாள். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. கோயில் பக்கமே தலைகாட்டவில்லை.

“ஏ பிள்ளே, கத்தி வச்சது எனக்கு. நீ ஏன் இப்படித் தேஞ்சு போற?” என்று அவர் கேட்டபோது அவளுக்கு அழுகைதான் வந்தது.

அதற்கு மேல் தாங்காமல் ஒரு மத்தியானம் தனியாகப் போய்ப் பூசாரி முன்னால் நின்றாள்.

“பூசாரிண்ணே, நான் சாமியவே ஏமாத்திட்டேன். ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையத்தான் வச்சுக் கட்டினேன். அவுக முருகன் சொன்னான்னு நெனச்சுப் போயிப் பொழச்சுட்டாக. சொன்னது முருகன் இல்லண்ணே, நான். இதுக்கு என்ன கூலி கெடைக்கப்போகுதோன்னு பயந்தே சாகுறேன்.”

நாச்சிமுத்து விபூதித் தட்டைக் கீழே வைத்தார்.

“அது எனக்கு அன்னைக்கே தெரியும் தாயி. அவுகவுக ஆசைப்பட்டதக் கட்டிக்கிட்டு வர்றது இங்க புதுசா? உள்ள போயிப் பிரிச்சுப் பாக்காம நான் சாமிகிட்ட வைக்கிறதே இல்ல.”

“தெரிஞ்சுமா பேசாம இருந்தீக?”

“பேசுறதுக்கு என்ன இருக்கு? ஒண்ணுல இருந்த வெள்ளைய எடுத்துட்டு, செவ்வரளிய வச்சுக் கட்டித்தானே ஒம் புருஷன் முன்னால நீட்டினேன்.”